எனக்குப் பிடித்த ஆட்டமும் எனக்குப் பிடித்த நாயும்



கடன், சீதனம், குடிப்பழக்கம், பிள்ளைகளின் படிப்பு என்று மாதாமாதம் பாரமான விடயங்களையே இப்பக்கத்தில் எழுதி வருகிறேன். "எந்நேரமும் மற்றவர்களுடைய பிரச்சினைகளையே எழுதுகிறீர்கள். உங்களுக்கென்று பிடித்தது ஒன்றும் இல்லையா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏன் இல்லை? விளையாட்டு என்றால் வலைப்பந்தாட்டம். நாய் என்றால் லப்ரடோர். இந்த இரண்டையும் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போவதே எனக்குத் தெரியாது. ஆகவே இம்மாதம் அவற்றைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

இதே கேள்வியை மாதர் சங்கக் கூட்டங்களில் நானும் கேட்பதுண்டு. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றால், "மூத்தவனுக்குப் புட்டும் மாம்பழமும் எண்டால் உயிர்" என்பார் ஒருவர். "இவருக்கு மீன்குழம்பு இல்லாட்டிச் சோறு இறங்காது" என்பார் மற்றவர். "அது சரி அக்கா, உங்களுக்கு?" என்று மறுபடியும் கேட்டால் ஒரு சிரிப்பு வரும். பிறகு மௌனம். தனக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தெரியாமல் நாற்பது வயது வரை வாழ்ந்துவிடுவது நமது பெண்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. எனக்குப் பிடித்ததை நான் வாய்விட்டுச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் வலைப்பந்தாட்டம். 1891இல் அமெரிக்காவில் கூடைப்பந்தாட்டம் உருவாகிச் சில ஆண்டுகளில் அது இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்கு வந்தது. அங்கே பெண்களுக்கேற்ப மாற்றப்பட்டு, வலைப்பந்தாட்டம் என்ற தனி விளையாட்டாக வளர்ந்தது. அக்காலப் பெண்கள் கணுக்கால் வரை நீண்ட பாவாடையுடன் விளையாட வேண்டியிருந்தது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவதற்கு இதில் இடமில்லாமற் போனதற்கு அந்த உடையும் ஒரு காரணம் என்பார்கள். பின்னர் நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபட்டிருந்தன. அவற்றை ஒன்றாக்கிச் சர்வதேசச் சம்மேளனம் ஒன்றை அமைப்பதற்காக 1960இல் பல நாடுகளின் பிரதிநிதிகள் ஓரிடத்தில் கூடினார்கள். எங்கே தெரியுமா? நமது இலங்கையில்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ண் நகரில் முதலாவது உலகச் சுற்றுப்போட்டி நடந்தபோது, பங்குபற்றிய 11 அணிகளில் இலங்கையும் ஒன்று.

அணிக்கு ஏழு பேர். மைதானம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். பந்தைப் பிடித்தவள் அதை வைத்துக்கொண்டு ஓட முடியாது. மூன்று செக்கனுக்குள் வேறொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும், அல்லது வளையத்துக்குள் எறிய வேண்டும். ஒவ்வொருத்திக்கும் மைதானத்தில் எல்லை உண்டு. கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. எந்தக் கெட்டிக்காரியும் தனியாகப் பந்தைக் கொண்டுபோய் வெற்றிபெற முடியாது.

பள்ளிக்கூட அணியில் எனது இடம் சென்ரர். வளையத்தைச் சுற்றியுள்ள இரண்டு அரைவட்டங்களையும் தவிர மைதானம் முழுவதும் ஓடலாம். ஆனால் கோல் போட முடியாது. "மாடு மாதிரி ஓடுறாய், ஒரு கோலும் போடேல்லையே" என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அவர்களுக்கு அது விளங்காது. நான் எறிந்த பந்து, நான் பார்க்காமலே வந்து நிற்பாள் என்று நம்பி எறிந்த இடத்தில், அவளுடைய கையில் போய் விழும். அந்த ஒரு கணத்துக்காக எத்தனை தரமும் ஓடலாம்.

இந்த விளையாட்டில் நம் நாட்டுப் பெண்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஆசிய வலைப்பந்தாட்டச் சாம்பியன் பட்டத்தை இலங்கை 1989, 1997, 2001, 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வென்றிருக்கிறது. யாழ்ப்பாணத்து ஈவினைக் கிராமத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். 6 அடி 10 அங்குல உயரம். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்கள் போட்டார். அச்சுற்றுப்போட்டியில் வேறெந்த நாட்டு வீராங்கனையும் அத்தனை கோல்கள் போடவில்லை. பெண்பிள்ளை கொஞ்சம் நெடுத்துவிட்டால், "உவளுக்கு எங்கை மாப்பிள்ளை தேடுறது?" என்று கவலைப்படும் சமூகம் நமது. அதே உயரம் வளையத்தின் கீழே நின்றபோது நாட்டுக்கே பெருமையாயிற்று.

ஆனால் சாதாரண வீடுகளில் நடப்பது என்ன? பாடசாலை அணியில் துள்ளித் திரிந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை வந்ததும் நிற்பாட்டப்படுகிறாள். தப்பினால் உயர்தரம் வரை. கலியாணத்தோடு எல்லாம் முடிந்தது. அவளுடன் படித்த பையன்களைப் பாருங்கள். முப்பத்தைந்து வயதிலும், பிள்ளைகளைப் பெற்ற பிறகும், பின்னேரமானால் கரப்பந்தாட்டம், கிரிக்கெட் என்று மைதானத்தில்தான் நிற்கிறார்கள். அதில் பிழையில்லை. அவர்களுக்கும் உடம்பும் மனமும் இருக்கின்றன. ஆனால் "அதால என்ன பிரயோசனம்?" என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. பெண்ணைத்தான் கேட்கிறார்கள்.

சமூகவியல் படித்த காலத்தில் அமெரிக்க ஆய்வாளர் ஆர்லி ஹொக்சைல்ட் பற்றிப் படித்தோம். வெளியில் உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு முறை வேலை காத்திருப்பதை 1989இல் அவர் ஒரு நூலாக எழுதினார். ஓய்வு நேரம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்தாலே ஒரு வீட்டில் யாருடைய சொல் எடுபடுகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதற்குப் புத்தகம் தேவையில்லை.

நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் சேமிப்புக் குழுவில் பதினான்கு பேர் இருந்தார்கள். இரண்டு அணிக்குச் சரியான கணக்கு! பேச்சோடு பேச்சாக ஒருநாள் சொன்னேன். அரைவாசிப் பேர் பள்ளிக்கூடத்தில் விளையாடியவர்களாம். சனசமூக நிலைய மைதானம் இளைஞர்களுடையது போல ஆகியிருந்தது. நிர்வாகத்துடன் பேசி, புதன்கிழமையும் சனிக்கிழமையும் பின்னேரம் ஒரு மணித்தியாலம் வாங்கினோம். தண்ணீர்க் குழாய் இரண்டைக் கம்பமாக நட்டு, ஒட்டு வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் இரும்புக் கம்பியில் வளையம் செய்வித்தோம். கைப்பிள்ளைகளை முறைவைத்து ஒருவர் பார்த்துக்கொள்கிறார். காற்சட்டைப் பிரச்சினை வேண்டாமென்று சுரிதாருடனேயே விளையாடுகிறார்கள். சோலைக் கழற்றிவைக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

உங்கள் ஊரிலும் தொடங்குவதானால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஓடிவந்து சடுதியாக நிற்பதும், பாய்ந்து பிடித்துவிட்டுக் காலை ஊன்றுவதும் இந்த விளையாட்டில் அதிகம். ஆகவே முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் ஆபத்து உண்டு. பாய்ந்து இறங்கும்போது முழங்காலை மடித்து மெதுவாக இறங்கப் பழகுங்கள். தொடங்குமுன் பத்து நிமிடமாவது மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். செருப்புடன் வேண்டாம். பிடி நன்றாக உள்ள சப்பாத்துப் போடுங்கள். பல வருடம் ஓடாதவர்களும், பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆனவர்களும், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்ட பிறகு தொடங்குவது நல்லது.

இனி லப்ரடோருக்கு வருகிறேன். பெயரைப் பார்த்து லப்ரடோர் என்ற இடத்து நாய் என்று நினைப்போம். உண்மையில் இதன் மூதாதையர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களுடன் வாழ்ந்தவை. குளிர்ந்த கடலில் குதித்து வலைக் கயிற்றை இழுத்துவருவதும், தூண்டிலில் இருந்து நழுவிய மீனைப் பிடித்துவருவதும் அவற்றின் தொழில். பின்னர் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். 1903இல் அங்குள்ள நாய் வளர்ப்போர் கழகம் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. கறுப்பு, மஞ்சள், சொக்கலேற் என மூன்று நிறங்கள் உண்டு. விரல்களுக்கிடையில் சவ்வு, தண்ணீர் ஒட்டாத இரட்டை உரோமம், நீர்நாயினது போன்ற தடித்த வால். கடற்கரை மக்களாகிய நமக்கு இந்த நாயைப் பிடிக்காமல் இருக்குமா?

இதன் பெரிய குணம், எடுத்த பொருளைப் பல்லுப் படாமல் கொண்டுவந்து கையில் தருவது. பொறுமையும் பழக்கினால் படிகின்ற தன்மையும் இருப்பதால், பல நாடுகளில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாயாக இதைப் பயிற்றுகிறார்கள். காவலுக்கு மட்டும் நம்ப வேண்டாம். திருடன் வந்தாலும் வாலை ஆட்டி வரவேற்கும்!

என்னிடம் இருப்பவள் கறுப்பி. அவளை நான் விலைகொடுத்து வாங்கவில்லை. குட்டிகள் பிறந்த வீட்டில் கடுவன்கள் எல்லாம் விலைப்பட, இவள் மட்டும் மிஞ்சினாள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "பெட்டையோ? வேண்டாம்" என்று போய்விட்டார்களாம். நாயிலும் இந்தக் கதைதான். சந்தையடியிலும் கோயில் வாசலிலும் சாக்கில் கட்டி விட்டுப்போகும் குட்டிகளைப் பாருங்கள். பெரும்பாலும் பெட்டைகள். சாதி நாயென்றால் கதை வேறுவிதம். குட்டி விற்றுக் காசு பார்ப்பதற்காக, ஓய்வு கொடுக்காமல் ஈன வைத்து, உடல் தேய்ந்ததும் துரத்திவிடுகிறார்கள். கறுப்பிக்கு உரிய வயதில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தேன். செல்லமாக ஒரு நாயை வளர்ப்பவர்கள் அதைச் செய்விப்பதே நல்லது.

ஆசைப்பட்டு வாங்க நினைப்பவர்களுக்குச் சில உண்மைகளையும் சொல்ல வேண்டும். பெட்டையே 25 கிலோவுக்கு மேல் வளரும். குளிர் நாட்டு உரோமம் ஆகையால் நமது வெயில் ஆகாது. நிழலும் தண்ணீரும் எப்போதும் வேண்டும். காலையிலும் மாலையிலும் மட்டும் நடத்துங்கள். சாப்பாட்டில் பெரும் ஆசைக்காரர். கிட்டத்தட்ட நாலில் ஒரு லப்ரடோரிடம் பசியைக் கூட்டுகின்ற மரபணு மாற்றம் ஒன்று இருப்பதாகக் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். கண்ணைப் பார்த்து இரங்கி ஊட்டினால் கொழுத்து, இடுப்பு மூட்டு கெட்டுவிடும். வெங்காயமும் சொக்கலேற்றும் எந்த நாய்க்கும் நஞ்சு. விசர்நாய்த் தடுப்பூசியை வருடந்தோறும் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வசதியும் நேரமும் இல்லாதவர்கள் சாதி நாய்க்கு ஆசைப்பட வேண்டாம். சந்தையடியில் கிடக்கும் பெட்டைக் குட்டி ஒன்றைத் தூக்கிவந்தாலும் அதே அன்பு கிடைக்கும்.

"உந்த நாய்க்குப் போடுற காசை ஒரு சீட்டிலை போட்டிருக்கலாமே பிள்ளை" என்று ஒரு பெரியம்மா எனக்குப் புத்தி சொன்னார். போட்டிருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் அழுகையும் சண்டையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது, எதுவும் கேட்காமல் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவர ஒருத்தி இருக்கிறாள். அடுத்த நாள் மறுபடியும் வேலைக்குப் போக எனக்கு அது போதும்.

சனிக்கிழமைகளில் கறுப்பியும் மைதானத்துக்கு வருவாள். வேப்பமரத்தில் கட்டிவைப்பேன். வலைப்பந்து அவளுடைய வாய்க்குள் அடங்காது. வெளியே போன பந்தை மூக்கால் உருட்டித் தருவாள். முதலில் பயந்தவர்கள் இப்போது பிஸ்கற் கொண்டுவருகிறார்கள்.

பதினான்கு பேர் என்றேன். இப்போது வருவது பதின்மூன்று பேர். பள்ளிக்காலத்தில் வலய மட்டம் வரை விளையாடிய தங்கச்சி ஒருத்தியைக் கணவர் மறித்துவிட்டார். "பிள்ளைகளைப் பெத்த பிறகு என்ன துள்ளல்?" என்றாராம். மைதானத்தில் ஐந்து பேர் இருந்தாலே ஓர் அணி ஆடலாம் என்பது விதி. ஆகவே எங்கள் ஆட்டம் நிற்கவில்லை. அவளுடைய இடத்துக்கு வேறொருத்தியைப் போடலாமா என்று கேட்டேன். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. இரண்டு பேர் அவளுடைய மாமியாரிடம் பேசப் போயிருக்கிறார்கள். மாமியார் "ஆறு மணிக்கு முன்னம் வீட்டை வந்திட வேணும்" என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறார். கணவருடன் பேச நிலையத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கெஞ்சிக் கேட்க வேண்டிய விடயமா இது என்று எனக்குக் கோபம் வரும். ஆனால் அவள் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும். அதனால் அவளுக்கு எது தோதோ அந்த வழியில் போகிறோம்.

வாசகியரே, பதினைந்து வயதில் உங்களுக்கு எது பிடித்திருந்தது? பாட்டோ, பந்தோ, பூக்கன்றோ, பூனைக்குட்டியோ, எதுவாகவும் இருக்கட்டும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கிழமையில் ஒரு மணித்தியாலத்தை அதற்கென்று ஒதுக்க முடியுமா என்று வீட்டாருடன் பேசிப் பாருங்கள். முடிந்ததா, முடியாவிட்டால் யார் தடுத்தார்கள், என்ன சொல்லித் தடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். வருகின்ற கடிதங்களை வைத்து இப்பக்கத்தில் மேலும் பேசுவோம்.