பழைய வண்டிக்கும் ஒரு பெட்ரோல் வேண்டும்

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2014இல் 1.5%ஆக இருந்தது. 2022 ஜூனில் அது 10%ஐத் தொட்டது. 2030க்கு என்று வைத்திருந்த 20% இலக்கை 2025லேயே எட்டிவிட்டோம். கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குச் சந்தையும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சமும் கிடைத்திருப்பது உண்மை. ஆனால், சாலையில் ஓடும் வண்டிகள் இதே வேகத்தில் மாறிவிடவில்லை.

20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தாங்கும் உதிரிபாகங்கள் பொதுவாக 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வாகனங்களில்தான் உள்ளன. மைலேஜ் குறைகிறது, ஹோஸ் கசிகிறது, ஃபியூயல் பம்ப் பழுதாகிறது என 2025இல் குவிந்த புகார்களில் பழைய வண்டிக்காரர்களின் குரலே ஓங்கி ஒலித்தது.

இவற்றைப் பிரமை என்று ஒதுக்க முடியாது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து, டேங்கின் அடியில் தங்கித் துருவேற்றும். ஏற்பில்லாத ரப்பர் குழாய்கள் உப்பி, பிறகு விரிசல் விடும். அதற்காக எல்லாப் பழுதையும் எத்தனால் தலையில் கட்டவும் முடியாது; வயதான ஹோஸ் தானாகவும் கசியும், பங்க் தொட்டியில் மழைநீர் இறங்கினாலும் வண்டி நிற்கும். எது எதனால் என்று பிரித்தறியும் பொதுவான ஏற்பாடு இல்லாததால், உரிமையாளர் பெட்ரோலைக் குறைசொல்கிறார்; நிறுவனம் பராமரிப்பைக் குறைசொல்கிறது.

அச்சம் ஆதாரமற்றது என்று 2025 ஆகஸ்டில் அறிவித்த பெட்ரோலிய அமைச்சகம், சில பழைய வாகனங்களில் 20,000-30,000 கி.மீ. ஓடியபின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்றும் ஒப்புக்கொண்டது. செலவு குறைவுதான் என்றது. யார் தருவது என்று சொல்லவில்லை.

பழைய வாகனங்களின் சிக்கலை நிதி ஆயோக்கின் 2021 செயல்திட்டம் முன்பே கணித்திருந்தது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10% கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் எரிபொருள் திறன் 6-7% குறையலாம் என்று கூறிய அந்த அறிக்கை, பழைய வாகனங்களுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இலக்கு முன்னுக்கு வந்தது. பாதுகாப்பு ஏற்பாடு பின்தங்கிவிட்டது.

பிரிட்டன் 2021இல் இ10க்கு மாறியபோது பழைய கார்களுக்காக உயர்தர ரகத்தில் இ5ஐ விட்டுவைத்தது. அமெரிக்காவில் இ15 பம்புகளில், 2001க்கு முந்தைய கார்களுக்கு ஆகாது என்று ஒட்டியிருக்கும். இங்கே தேர்வுரிமை கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டதால், பொறுப்பு இனி அரசின் கையில்தான்.

ஒவ்வொரு பம்பிலும் கலப்பு விகிதம் தெரிய வேண்டும். ஊருக்கு ஒரு பங்க்கிலாவது இ10 கிடைக்க வேண்டும். எந்த மாடல் இ20ஐத் தாங்கும், உத்தரவாதம் செல்லுமா என்பதை நிறுவனங்கள் எழுத்தில் தர வேண்டும். ஆற்றல் குறைந்த எரிபொருளுக்கு வரியிலாவது சலுகை வேண்டும். லாபத்தில் நாட்டுக்குப் பங்கு உண்டென்றால், செலவு மட்டும் பழைய ஸ்கூட்டர்காரரின் தனிக்கணக்கில் போகக் கூடாது.