சாவி கைக்கு வந்துவிட்டது, வீடு வந்ததா?

"சாவி வாங்கியாச்சு, துஆ செய்யுங்க." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால் நம் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். கூடவே ஒரு படமும் வரும். உள்ளங்கையில் இரண்டு சாவி, பின்னால் பெயின்ட் வாசனை போகாத கதவு. வீட்டுக்காரர் சொன்ன தேதிக்குள் சாமான்களை மூட்டை கட்டி ஊர் ஊராக மாறிய குடும்பத்துக்கு அந்தச் சாவியின் மதிப்பு தெரியும். பெயரைக் கேட்டதுமே "வீடு வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சு" என்ற பதிலை வாங்கிய குடும்பத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சென்னைக்குள் வீடு வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்கள் இன்று தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் என்று ஜி.எஸ்.டி. சாலையோரம் இடம் தேடுகின்றன. பொத்தேரியில் புறநகர் ரயில் நிற்கிறது. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அருகிலுள்ள மறைமலை நகரில் தொழிற்சாலைகள் உண்டு. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஆக, இங்கே வீடு வாங்குகிறவர் நான்கு சுவரை மட்டும் பார்ப்பதில்லை. வேலைக்கு எப்படிப் போவது, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி, பள்ளிவாசல் எவ்வளவு தூரம், உறவுகள் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றெல்லாம் கணக்குப் போட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார்.

இதே தென் புறநகரில், பொத்தேரிக்கு வடகிழக்கே பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் என்று மூன்று பெரிய குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கேயும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சாவி கொடுக்கப்பட்டது. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நம் நாட்டின் வீட்டுவசதிக் கொள்கையில் உள்ள பெரிய ஓட்டை இதுதான்.

வாரியம் தொடங்கிய இடமும் வந்து சேர்ந்த இடமும்

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் உருவானது. அடுத்த ஆண்டே குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம் வந்தது. தீப்பிடித்து எரியும் குடிசைகளுக்குப் பதிலாக, கூடுமானவரை அதே இடத்தில் கல்வீடு கட்டித் தருவதுதான் தொடக்க காலத் திட்டம். நகருக்குள் பல இடங்களில் நாம் பார்க்கும் பழைய ஹவுசிங் போர்டு பிளாக்குகள் பல அப்படி வந்தவை. மீன் விற்றவர் மீன் விற்றார், ரிக்‌ஷா ஓட்டியவர் ரிக்‌ஷா ஓட்டினார், குடிசை மட்டும் மாடி வீடானது.

1977இல் உலக வங்கி உதவியுடன் இன்னொரு முறை வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதி செய்த மனைகளை ஏழைகளுக்கும் நடுத்தரத்தினருக்கும் கலந்து கொடுத்தார்கள். வீட்டை அவரவர் கைக்கு முடிந்தபோது கட்டிக்கொண்டார்கள். அன்று தோல்வி என்று ஒதுக்கப்பட்ட அந்த முறையை, 2018இல் வெளியான ஓர் ஆய்வு மீண்டும் எடுத்துப் பார்த்தது. அந்தப் பகுதிகள் பல தரப்பினரும் வாழும் நல்ல குடியிருப்புகளாக வளர்ந்திருப்பதாக அது சொன்னது.

2000ஆம் ஆண்டுவாக்கில் பாதை மாறியது. நகருக்குள் நிலத்தின் விலை ஏறிவிட்டது. கூவம், அடையாறு கரைகளை மீட்க வேண்டும். சாலையும் பாலமும் கட்ட வேண்டும். குடிசைவாசிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதே எளிது என்று முடிவானது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல். 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களும் அங்கே வந்தன. பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல் திட்டமிடப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல அங்கேதான் அனுப்பப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோன இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையொட்டி இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது.

தீவுத்திடல் பக்கம் இருந்த சத்தியவாணிமுத்து நகர்க் குடும்பங்களை 2019 இறுதியில் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது கல்வியாண்டு பாதியில் இருந்தது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் ஒரு பிள்ளையின் பள்ளி 25 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பிள்ளையை வைத்து நினைத்துப் பார்க்கலாம். நகருக்குள் வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் வேலையை இழந்தார்கள். விடியற்காலையில் பஸ் பிடித்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு போக்குவரத்துக்கே போனது. முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினாலே வேலை கிடைப்பதில்லை என்று இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அதே கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அதன் பிறகுதான் அந்த ஊரின் பெயரைத் தமிழகம் பெருமையாக உச்சரித்தது. குறை அங்கு வாழும் மக்களிடம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெரும்பாக்கம் வழியாகவும் இப்போது மெட்ரோ ரயில் பணி நடக்கிறது. நல்லதுதான். ஆனால் கண்ணகி நகருக்கு மக்கள் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ரயில் இருக்கும் இடத்தில் வீடு தேட நடுத்தர வர்க்கத்துக்கு உரிமை இருக்கிறது. ஏழைக்கு மட்டும் முதலில் வீடு, பிறகு எப்போதாவது ரயில்.

நீதிமன்றம் சொன்னது

ஏழைக்கு இடம் முக்கியம் என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. மும்பை நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதற்காகவே அவர்கள் நடைபாதையில் வாழ்கிறார்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் உரிய நடைமுறையைப் பின்பற்றி அகற்றலாம் என்றே அந்தத் தீர்ப்பு முடிந்தது. அரசுகள் தீர்ப்பின் பின்பாதியை நினைவில் வைத்துக்கொண்டு முன்பாதியை மறந்துவிட்டன.

2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அந்த ஆண்டே மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கை ஒன்றும் வெளியானது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதற்குப் பிறகு, அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி பக்கமே வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அருகிலேயே வீடு தர முடியும் என்பதற்கு அந்த அறிவிப்பே சான்று. அதைச் சொல்ல ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

கட்டடத்தின் தரத்திலும் கேள்வி இருக்கிறது. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புதுச்சுவரின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பழைய பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்னரே வெளியேறியதால் குடும்பங்கள் உயிர் தப்பின.

சிங்கப்பூரில் என்ன வித்தியாசம்?

நம்மில் பலருக்குச் சிங்கப்பூரில் உறவினர்கள் உண்டு. அங்கே அரசு வீட்டின் சாவி வாங்கும் நாள் கல்யாண நாள் மாதிரி. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, எரிந்த இடத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பி மக்களைக் குடியேற்றினார்கள். இன்று அந்நாட்டில் வசிப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள்.

அங்கும் எல்லாம் சொர்க்கமில்லை. வீடு 99 ஆண்டுக் குத்தகைதான். 1989 முதல் ஒவ்வொரு பிளாக்கிலும் இன்னின்ன இனத்தவர் இவ்வளவுதான் என்ற வரம்பு இருக்கிறது. இனங்கள் கலந்து வாழ அது உதவுகிறது. ஆனால் அதே விதியால் மலாய், இந்தியக் குடும்பங்கள் வீட்டை விற்கும்போது வாங்குபவர் கிடைக்காமல் திண்டாடுவதும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. விண்ணப்பிக்கும் குடும்பம் எந்த வட்டாரம் என்பதைத் தானே தேர்ந்தெடுக்கிறது. மறுவிற்பனை வீட்டைப் பெற்றோர் வீட்டருகே வாங்கினால் 2015 முதல் அரசு தனி மானியமும் தருகிறது. குடும்பம் பிரியக் கூடாது என்று அங்கே அரசு பணம் கொடுக்கிறது. இங்கே குலுக்கலில் விழும் பிளாக்குக்கு ஆளுக்கொரு பக்கம் போக வேண்டியிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் நல்வாழ்வின் அடையாளங்களாக எண்ணியவற்றில் விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், வசதியான வாகனம் ஆகியவை சேர்ந்தே வருகின்றன. வீடு, அக்கம்பக்கம், போக்குவரத்து. மூன்றில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எந்த அரசும் சொல்லிவிட முடியாது.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

அரசின் கொள்கையைக் கேள்வி கேட்பதோடு நம் பக்கத்து வேலையும் இருக்கிறது.

ஒன்று, வட்டி. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்திருக்கிறது. அரசுத் திட்டம் என்றாலே வங்கிக் கடன், வட்டி என்று நினைத்து நம்மில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. அந்தத் திட்டத்தில் வட்டி மானியம் என்பது ஒரு பிரிவு மட்டுமே. சொந்த மனையில் தாமே வீடு கட்டுபவர்களுக்கும், அரசு கட்டும் குறைந்த விலை வீட்டைப் பெறுபவர்களுக்கும் மத்திய அரசு தருவது திருப்பிச் செலுத்த வேண்டாத மானியம். தமிழ்நாட்டுக்கு ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய். மாநில அரசின் பங்கு தனி. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, நாட்டில் எங்கும் சொந்தக் கல்வீடு இல்லாத குடும்பம் இவற்றுக்கு முயலலாம். சிறுபான்மையினர், கைம்பெண்கள், தனித்து வாழும் பெண்கள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தர வேண்டும் என்று அதன் வழிகாட்டி நெறிகளிலேயே இருக்கிறது. மீதிப் பங்குத்தொகையை வட்டியில்லாமல் திரட்ட ஜமாஅத்தின் பைத்துல்மால் உதவ முடியுமா என்பதை நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.

இரண்டு, யார் பெயரில் என்பது. இத்திட்டத்தில் வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி கூட்டாகவோ இருக்க வேண்டும் என்பது பொது விதி. இது நமக்குப் புதிதா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்கே என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் பெண்களை அழைத்துப்போகாமல், இடம் பார்க்கும் நாளிலேயே அழைத்துப்போக வேண்டும்.

மூன்று, பத்திரம். வாரிய வீடுகளில் தவணையைக் கட்டி முடித்தும் விற்பனைப் பத்திரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். ஒதுக்கீட்டு ஆணையையும் ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை, 1962 முதல் நடப்பில் இருந்த பெல்ட் ஏரியா தடையைத் தளர்த்தி, சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் பிற நகரங்களிலும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க முடிவெடுத்தது. நீண்ட நாள் பட்டா இல்லாமல் வசிக்கும் குடும்பங்கள் தாலுகா அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

பொத்தேரி போன்ற இடங்களில் தனியாரிடம் வாங்குவோர் ரெரா பதிவு எண்ணையும் பிரிக்கப்படாத நிலப்பங்கின் அளவையும் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள். கட்டுமானக் குறைகளுக்கு வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டு வரை கட்டியவரே பொறுப்பு என்று ரெரா சட்டம் சொல்கிறது. சாவி வாங்கிய மகிழ்ச்சியில் அதை மறந்துவிடக் கூடாது.

நான்கு, அண்டை வீட்டார். மறுகுடியமர்வுப் பகுதிகளில் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை முகவரி, முதியோர் உதவித்தொகை என்று முதல் சில மாதங்களில் சிக்கும் காகித வேலைகள் ஏராளம். விவரம் தெரிந்த நான்கு இளைஞர்கள் வாரம் ஒரு நாள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாலே நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அலைச்சல் குறையும். அந்த மேசை எல்லா மதத்தவருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு விழா மேடையில் இத்தனை ஆயிரம் பேருக்குச் சாவி வழங்கப்பட்டது என்ற செய்தி வரும். அந்த மகிழ்ச்சியில் நாமும் பங்கெடுப்போம். கூடவே, அந்தக் குடும்பங்கள் முன்பு எங்கே இருந்தன, இப்போது எங்கே போகின்றன, அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் எந்த பஸ், பத்திரம் எப்போது என்று நம் பகுதி கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்போம். பொத்தேரியில் வீடு பார்க்கும்போது நமக்காக நாம் கேட்கும் அதே கேள்விகள்தான் இவை. பெரும்பாக்கத்துக்குப் போகிறவருக்காகவும் கேட்பது நம் மீது உள்ள கடமை.