ஈரநிலக் கல்வியில் தூண்டிலின் இடம்

1971-ஆம் ஆண்டு ஈரானின் ராம்சார் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, ஈரநிலம் என்னும் சொல்லுக்குள் சதுப்பையும் கழிமுகத்தையும் மட்டுமன்றி, கடல் வற்றும்போது ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கரைக்கடலையும், மனிதர் உண்டாக்கிய நீர்ப்பரப்புகளையும் அடக்குகிறது. அவ்வகையில் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள செகிஞ்சானின் நெல்வயல்களும், அவற்றுக்கு நீர் கொண்டுவரும் ‘தாலி ஆயர்’ எனப்படும் பாசன வாய்க்கால்களும், தெற்கே கோல சிலாங்கூரின் அலையாத்திக் காடும் ஒரே தொகுதியின் உறுப்புகளாகின்றன. வார இறுதியில் செகிஞ்சானுக்கு வருவோரில் பலர் வயலைப் படமெடுத்து, கடலுணவு உண்டு திரும்பிவிடுவதால், இத்தொடர்பு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அதைக் கண்ணில் படச் செய்யும் இடம் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் 1987-இல் மெலாவத்திக் குன்றின் அடிவாரத்தில் உருவான இப்பூங்காவில், குடும்பத்துடன் செல்வோர் முதலில் கவனிக்க வேண்டியது வெள்ளத்தைத் தடுக்க எழுப்பப்பட்ட மண்கரையே. கரையின் கடற்புறம் நாள்தோறும் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றவற்றம், வந்துபோவதால் அங்கே கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்க, ஓதம் நின்றுபோன உட்புறமோ காலப்போக்கில் வேறு மரங்களும் அத்திகளும் வளர்ந்த காடாகிவிட்டது. நீர்ப்பறவைகளுக்கென வெட்டப்பட்ட உவர்நீர்க் குட்டையில் நீர்மட்டம் மதகால் கட்டுப்படுத்தப்படுகிறது. ஒரு மண்கரையும் ஒரு மதகும் காட்டின் தன்மையையே மாற்றக்கூடும் என்பதைச் சிறுவர்களுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

ஆயினும் பலகைப் பாதையும் பறவை நோக்கு மேடையும் வருவோரைப் பார்வையாளராகவே நிறுத்துகின்றன; வட சிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழரோ நீர்நிலையைப் பார்த்து அறிந்ததைவிடத் தூண்டில் போட்டு அறிந்ததே அதிகம். ஆருவான் எனப்படும் விராலின் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழுந்து மூச்செடுக்கும் இடத்தில் பெரிய விரால் காவல் நிற்கும் என்பதும், நீர் வற்றினாலும் பனையேறிக் கெண்டை காற்றைச் சுவாசித்துப் பிழைத்திருக்கும் என்பதும் வாய்க்கால் கரையில் கற்கப்பட்டவை. தோட்டங்களை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் இவ்வறிவு பாட்டன்மாரோடு நின்றுவிடுவது பெரும் இழப்பாகும்.

ஆகவே, அமெரிக்கக் கடலோர இயற்கை மையங்கள் சில நடத்துவதுபோன்ற குடும்பத் தூண்டில் நிகழ்ச்சி இப்பகுதிக்கு மிகவும் வேண்டப்படுவது. சியாக்காப் என இங்கு விற்கப்படும் கொடுவாயை எடுத்துக்கொண்டால், அது பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். எனவே சிறு மீனை விட்டுவிடுவது போலவே மிகப் பெரிய மீனையும் விட்டுவிடுவது முட்டையிடும் தாய்களைக் காப்பதாகும். ‘ஊடாங் காலா’ எனப்படும் பெரிய ஆற்று இறால் நன்னீரில் வாழ்ந்தாலும், அதன் இளம்பருவம் வளர உப்புக் கலந்த நீர் வேண்டியிருப்பதால், சினை இறால் கழிமுகம் நோக்கி இறங்குகிறது. மேலே செம்பனைக் காட்டோரம் பிடிபடும் இறாலின் வாழ்வு அலையாத்திக் காட்டருகே தொடங்கியது என்பதைக் கையில் அந்த இறாலை வைத்துக்கொண்டு கேட்கும் சிறுவன் எளிதில் மறக்கமாட்டான்.

காப்பிடத்தில் தூண்டில் கூடாது என்னும் மறுப்பு நியாயமானது. முன்னாள் இறால் குட்டைகளிலிருந்து உருவான சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகமும் தூண்டில் போடுவதைத் தடைசெய்கிறது. அதனால் பறவைக் குட்டையையும் காட்டையும் தொடாமல், நிகழ்ச்சியின் நடைப்பகுதியைப் பூங்காவிலும் தூண்டில் பகுதியை அனுமதி பெற்ற வாய்க்கால் கரையிலும் வைப்பதே முறை. மீனின் வாய் கிழியாதிருக்க, எதிர்முள், அதாவது கொக்கி கழலாமல் பிடிக்கும் சிறு பின்முனை, நசுக்கப்பட்ட தூண்டில்களே தரப்பட வேண்டும். அளவுப் பலகையில் சிறும அளவுக்கும் பெரும அளவுக்கும் இரு கோடுகள் இருக்க வேண்டும். மீனின் பெயர்கள் மலாயிலும் தமிழிலும் எழுதப்பட வேண்டும். கற்பிப்போர் வரிசையில் உயிரியல் பட்டதாரிக்குப் பக்கத்தில், தோட்ட லயத்து வாழ்வில் விரால் பிடித்துப் பழகிய முதியவருக்கும் ஊதியத்துடன் கூடிய இடம் தரப்பட வேண்டும்.