இல்லாத நாட்டின் டாலர்

எடின்பரோவில் அச்சான அந்த ஒரு டாலர் நோட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நேர்த்தியான செதுக்கு வேலை, அரசாங்கச் சின்னம், 'பாங்க் ஆஃப் போயைஸ்' என்ற பெயர். கேட்டவுடனோ, அரசு விரும்பினால் மூன்று மாதம் கழித்தோ, 'இங்குள்ள' வங்கி அலுவலகத்தில் கைக்கு ஒரு டாலர் நாணயம் தரப்படும் என்ற உறுதிமொழியும் உண்டு. 'இங்கு' என்றால் செயின்ட் ஜோசப், போயைஸ் நாட்டின் தலைநகரம். அப்படியொரு நகரம் உலகில் எங்கும் கிடையாது. வங்கியும் கிடையாது, நாடும் கிடையாது.

நோட்டுக்குப் பின்னால் இருந்தவர் கிரெகர் மெக்ரெகர். 1786இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். வெனிசுவேலா விடுதலைப் போரில் மிராண்டா, பொலிவார் தலைமையில் நிஜமாகவே சண்டை போட்டவர். பொலிவாரின் உறவுப் பெண்ணை மணந்தவர். 1820 ஏப்ரலில் மத்திய அமெரிக்காவின் மஸ்கிட்டோ கடற்கரை அரசரிடம் கொஞ்சம் ரம்மும் நகைகளும் கொடுத்து, 80 லட்சம் ஏக்கர் காட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கினார். இன்றைய ஹோண்டுராஸில் இருக்கும் நிலம் அது. (அந்தக் கடற்கரைக்குப் பெயர் வந்தது மிஸ்கிட்டோ இன மக்களால், கொசுவால் அல்ல. கொசுக்களுக்கும் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம்.)

அடுத்த ஆண்டே லண்டனில் 'போயைஸின் கசீக்', அதாவது அதன் அதிபதி, என்ற பட்டத்தோடு வந்து இறங்கினார். 1822இல் 355 பக்கத்துக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளிவந்தது. அகலமான வீதிகள், ஆபரா அரங்கு, கோபுரம் வைத்த தேவாலயம், ஆண்டுக்கு மூன்று போகம் மக்காச்சோளம், ஆற்று மணலில் தங்கம் என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. ஏக்கர் 2 ஷில்லிங் 3 பென்ஸுக்கு நிலம் விற்பனையானது. அதே அக்டோபரில் 6 சதவீத வட்டியில் 2 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரமும் வெளியானது. கொலம்பியா, சிலி, பெரு ஆகிய புதுக் குடியரசுகளின் பத்திரங்கள் லண்டனில் சக்கைப்போடு போட்ட ஆண்டு அது. அந்தக் கூட்டத்தில் போயைஸும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

கடன் பத்திரத்தில் ஏமாந்தவர்கள் வசதி படைத்தவர்கள். நோட்டில் ஏமாந்தவர்கள் குருவி சேர்ப்பதுபோல் சேர்த்தவர்கள். குடியேறப் போகும் இடத்தில் பவுண்டு எதற்கு என்று, கையிருப்பை அவரிடமே கொடுத்துப் போயைஸ் டாலராக மாற்றிக்கொண்டார்கள். இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஸ்காட்லாந்தில் தனியார் வங்கிகள் வெளியிட்ட ஒரு பவுண்டு நோட்டுகள் பல தலைமுறைகளாகப் புழங்கின. தங்கத்தைவிடத் தாளைக் கையாண்டே பழகியவர்கள் அவர்கள். 1797 முதல் 1821 வரை பாங்க் ஆஃப் இங்கிலாந்தே நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தி வைத்திருந்தது. அப்போதும் நோட்டு செல்லத்தான் செய்தது. போயைஸ் நோட்டுக்குத் தகடு செதுக்கியவரும் சாமானியர் அல்ல. வில்லியம் ஹோம் லிசார்ஸ். ஆடுபான் என்ற ஓவியரின் உலகப் புகழ்பெற்ற பறவைப் படங்களில் முதல் பத்துத் தகடுகள் 1826இல் அவர் பட்டறையில்தான் உருவாயின. வேலையில் குறையே சொல்ல முடியாது.

நம் நூறு ரூபாய் நோட்டிலும் ரிசர்வ் வங்கி கவர்னரின் உறுதிமொழி இருக்கிறது. அதைக் கவுன்டரில் நீட்டினால் கிடைப்பது இன்னொரு நோட்டோ, சில்லறையோதான். யாரும் அதற்காகக் கவலைப்படுவதில்லை. மளிகைக் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார், மின்கட்டணத்துக்கு அரசாங்கம் வாங்கிக்கொள்கிறது. போயைஸ் டாலரை வாங்கிக்கொள்ளக் கடையும் இல்லை, வரி கேட்க அரசாங்கமும் இல்லை.

1822 செப்டம்பரில் 'ஹோண்டுராஸ் பாக்கெட்' கப்பல் 70 பேரோடு லண்டனிலிருந்து புறப்பட்டது. டாக்டர், வக்கீல், வங்கி நடத்த ஓர் ஆள் என்று அரசுப் பதவி எதிர்பார்த்துப் போனவர்கள் அதில் இருந்தார்கள். 1823 ஜனவரியில் லீத் துறைமுகத்திலிருந்து 'கென்னர்ஸ்லி காஸில்' ஏறத்தாழ 200 பேரோடு கிளம்பியது. போய் இறங்கிய இடத்தில் காடுதான் இருந்தது. போன நூற்றாண்டில் ஆங்கிலேயர் கைவிட்டுப் போன குடியிருப்பின் சிதிலங்கள் மட்டும் அங்கங்கே தென்பட்டன. மழைக்காலம் வந்தது, காய்ச்சலும் கூடவே வந்தது. இளவரசிக்கு ஆஸ்தான காலணி தைப்பவர் என்ற பதவியை நம்பி, எடின்பரோவில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த ஒரு செருப்புத் தொழிலாளி தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

மே மாதம் பெலிஸிலிருந்து தற்செயலாக வந்த ஒரு கப்பல் மீதமிருந்தவர்களைக் காப்பாற்றியது. நிலம் கொடுத்த அரசரோ ஏப்ரலிலேயே மானியத்தை ரத்து செய்திருந்தார். மெக்ரெகர் தன்னை ராஜாவாகச் சொல்லிக்கொண்டது அவர் காதுக்கு எட்டியிருந்தது. சுமார் 250 பேர் போனதில் குறைந்தது 180 பேர் இறந்தார்கள். பிரிட்டனுக்குத் திரும்பி வந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

இதில் ஜீரணிக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. அப்படித் திரும்பியவர்களில் சிலர் மெக்ரெகருக்கு ஆதரவாகவே வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார்கள். கூட வந்த அதிகாரிகள்தான் கெடுத்துவிட்டார்களாம். ஜேம்ஸ் ஹேஸ்டி என்பவர் இந்தப் பயணத்தில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவர்; அவரும் கையெழுத்திட்டார். சேமிப்பையும் பிள்ளைகளையும் கொடுத்துவிட்ட பிறகு, நம்பியதே பொய் என்று ஒப்புக்கொள்வது லேசல்ல போலும்.

இந்தக் கூட்டம் லண்டன் வந்து சேர்ந்தபோது மெக்ரெகர் அங்கே இல்லை. பாரிஸுக்குப் போய் அதே கடையைத் திறந்தார். கேள்விப்படாத ஒரு நாட்டுக்குப் போக பாஸ்போர்ட் கேட்டு மனுக்கள் வந்ததும் பிரெஞ்சு அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். 1825 டிசம்பரில் கைது, மறு ஆண்டு விசாரணை, கடைசியில் விடுதலை. 1837 வரை போயைஸ் பெயரில் ஏதாவது ஒரு பத்திரம் விற்றுக்கொண்டே இருந்தார்.

மறு ஆண்டு மனைவி இறந்த பின் வெனிசுவேலாவுக்குத் திரும்பினார். பழைய போர் வீரருக்கு அந்த நாடு ராணுவப் பதவியையும் பென்ஷனையும் கொடுத்தது. 1845 டிசம்பரில் காரகாஸில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். எஞ்சியிருக்கும் போயைஸ் டாலர்கள் இப்போது பழைய நோட்டு சேகரிப்பவர்களிடம் கைமாறுகின்றன, நிஜமான பணத்துக்கு.