மழலையரைச் சலிக்கும் சல்லடைகள்



ஆண்டுதோறும் எல்.கே.ஜி. சேர்க்கைக் காலத்தில் ஒரே காட்சியைக் காண்கிறோம். மூன்றரை வயதுப் பிள்ளையை அறியாத முகங்களின் முன் நிறுத்தி, ஆங்கில எழுத்துகளை அடையாளம் காட்டச் சொல்கின்றனர்; நூறு வரை எண்ணச் சொல்கின்றனர். அச்சத்தால் வாய்மூடி நின்ற பிள்ளைக்கு இடமில்லை என்கின்றனர். சமுதாயத்தின் பொருளால் எழுந்த பள்ளிகள் சிலவற்றிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருப்பதே நம்மைப் பெரிதும் வருத்துகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 13ஆம் பிரிவில், சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல் ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. "அச்சட்டம் 6 வயது நிரம்பியோரைப் பற்றியது, சிறுபான்மை நிறுவனங்களுக்கு அது பொருந்தாதென 2014இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது" என நிர்வாகிகள் சிலர் விடையளிப்பர். இருக்கட்டும். சிறுபான்மையினருக்கென வழங்கப்பட்ட உரிமையைக் கொண்டு, சிறுபான்மையினரின் பிள்ளைகளையே வாசலில் தடுத்து நிறுத்துவது எவ்வகை நீதி?

பிள்ளைகளின் திறனைச் சோதிப்பதே தவறென்று நாம் கூறவில்லை. சோதனை நிகழும் இடமும் நோக்கமுமே நம் வினா. 'பல்', 'பந்து' என்னும் இரு சொற்களும் ஒரே ஒலியில் தொடங்குவதைப் பிள்ளை உணர்கிறதா? இரு குவியல்களில் எது பெரிதெனக் காண்கிறதா? இவற்றை ஆசிரியர் தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பின்தங்கக்கூடிய பிள்ளையை முன்கூட்டியே தாங்கிப் பிடிக்கலாம். பேசாத பிள்ளைக்குச் செவித்திறன் குறைவு இருக்கலாம். எழுத்தை அறியாத பிள்ளைக்குப் பார்வைக் குறைவு இருக்கலாம்.

வாசலில் நடக்கும் சோதனையோ இவற்றில் எதையும் அறிவதில்லை. நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளை, ஐந்து பேரீச்சம்பழங்களை எடுத்துத் தரச் சொன்னால் தடுமாறலாம். ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவருக்கும் ஒன்றெனப் பிழையின்றிப் பங்கிடலாம். வீட்டில் தமிழோ உருதுவோ மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையை ஆங்கிலத்தில் வினவினால், அங்கே அளக்கப்படுவது பிள்ளையின் அறிவன்று. பெற்றோரின் கல்வியும் பொருள்வளமுமே.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், 1 முதல் 3ஆம் வகுப்பு வரையுள்ள மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்க வழிசெய்தது. அங்கே நிலையறிதல் நடப்பது பிள்ளை பள்ளிக்குள் வந்த பின்னர்; கற்பிப்பதற்காக. அரும்பாக இருக்கிறதென்று எப்பிள்ளையையும் வெளியே அனுப்புவதற்காக அன்று.

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமான 'அபஸ' அருளப்பட்ட சூழலை நாம் அறிவோம். குறைஷித் தலைவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தபோது, கற்றுக்கொள்ள நாடி வந்தவர் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). அவரைவிட்டு முகம் திரும்பியதை அல்லாஹ் அங்கே சுட்டி உணர்த்தினான். தேடி வந்தவரைப் புறக்கணித்துச் செல்வாக்குடையோரை நாடலாகாது என்னும் அப்பாடத்தை ஓதியவாறே, நம் பள்ளி வாசல்களில் நாம் செய்வதென்ன?

ஆகவே நிர்வாகங்களிடம் நாம் வேண்டுவன இவை: இடங்கள் குறைவெனில் குலுக்கல் முறையில் சேருங்கள். சேர்த்த பின், முதற்பருவத்திலேயே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையுடனும் அமர்ந்து, அதன் வீட்டு மொழியில், விளையாட்டாகத் திறனறியட்டும். முடிவைத் தரவரிசையாக்காமல், பெற்றோரிடம் கனிவுடன் எடுத்துரையுங்கள். பின்தங்கிய பிள்ளைக்கே கூடுதல் நேரத்தை வழங்குங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அமானிதத்தைச் சல்லடையில் இட்டுச் சலிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. வல்ல இறைவன் நம் உள்ளங்களையும் பள்ளிகளின் கதவுகளையும் திறந்து வைப்பானாக. ஆமீன்.