அந்தப் புள்ளி ஏழு

வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு அறிக்கையோடு வீட்டுக்கு வந்தான். கார் மோதி இறந்துபோன ஒருவரின் மனைவிக்காக நஷ்டஈடு வழக்கு நடத்துகிறான். “கார் 59.7 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது” என்று அறிக்கை சொல்கிறது. அந்த இடத்தில் எல்லை 50. “போதும்தானே சார்?” என்றான்.

போதாது என்றேன். பையன் முகம் சுருங்கிவிட்டது.

பிளஸ் ஒன்னில் நடத்தியதுதான். வேகத்தின் வர்க்கம் = 2 × உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம் × டயர் தேய்ந்த தூரம். (வண்டியின் எடை இதில் வராது. எத்தனை பேர் பரீட்சையில் எடையைப் போட்டுத் தொலைத்தீர்கள்!) தடம் 20 மீட்டர், குணகம் 0.7 என்றால் 59.7 வரும். ஆனால் அந்த 0.7-ஐ யாரும் அளக்கவில்லை, புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். சாலையில் மணல் கிடந்ததா என்று ஒரு வரி இல்லை. குணகம் 0.5 என்றால் வேகம் 50தான். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு கேள்வியில் அறிக்கையைக் கவிழ்த்துவிடுவார்.

பேரன் எக்செல்லைத் திறந்தான். குணகம் 0.5 முதல் 0.8 வரை, தூரம் 19 முதல் 21 மீட்டர் வரை, குருட்டாம்போக்கில் பத்தாயிரம் தடவை எண்களை எடுத்துக் கணக்கிட வைத்தோம். இதற்கு மான்டே கார்லோ முறை என்று பெயர். 1946-இல் ஸ்டானிஸ்லா உலாம் உடம்பு தேறிக்கொண்டிருந்தபோது சீட்டு விளையாடிக்கொண்டே யோசித்தது.

வந்த விடை: வேகம் 49-லிருந்து 65-க்குள். 60-ஐத் தாண்டியிருக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்புதான். 50-க்குக் கீழே இருந்திருக்க நூற்றுக்கு ஒன்று. தடம் விழும் முன்பே கொஞ்சம் வேகம் குறைந்திருக்கும் என்பதால் அந்த ஒன்றும் சந்தேகமே. ஆக, அந்த அம்மாவுக்கு 59.7-ஐவிட இந்த அகலமான விடைதான் பலம். துல்லியம் என்று காட்டிக்கொள்ளும் எண்ணை எளிதில் உடைக்கலாம், இதை உடைப்பது கஷ்டம். அறிக்கை எழுதுபவர்கள் ஒற்றை எண் தருவதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி.

இது பழைய கார், ஏபிஎஸ் இல்லை. அதனால்தான் தடமாவது தெளிவாக விழுந்தது. ஏபிஎஸ் வண்டியில் பெரும்பாலும் மங்கலாகத்தான் விழும், சில சமயம் விழாது. “தடம் இல்லை, ஆகவே பிரேக்கே போடவில்லை” என்று எழுதுவது அதைவிடப் பெரிய தப்பு.

காவல்துறையில் இருக்கும் நம் பிள்ளைகளே, மகஜர் எழுதும்போது சாலை ஈரமா, மணலா, சரிவா என்று குறிக்கிறீர்களா? கீழே சொல்லுங்கள்.