புது 4கே மானிட்டர்... பழைய சாஃப்ட்வேர் மட்டும் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. சிறுசேரி சிப்காட் ஐ.டி. நிறுவனமோ, செங்கல்பட்டு டவுன் ஆடிட்டர் ஆபீஸோ, பழைய கம்ப்யூட்டரை மாற்ற இதுவும் ஒரு காரணம். புது மெஷினோடு கூர்மையான திரையும் வருகிறது. ஆனா, பழைய அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரைத் திறந்தால் எழுத்து மங்கல். இல்லாட்டி ஐகான் எறும்பு சைஸ். கோளாறு கண்ணிலா, திரையிலா? ரெண்டிலும் இல்லை.

என்ன நடக்கிறது?

24 இன்ச் ஃபுல் ஹெச்.டி. திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 27 இன்ச் 4கே திரையில் 163. அதனால், 32 பிக்சல் ஐகான் முதல் திரையில் கிட்டத்தட்ட 9 மி.மீ. இருக்கும், இரண்டாவதில் 5 மி.மீ.தான்.

பழைய சாஃப்ட்வேர் பலவும் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அதைச் சரிக்கட்ட, அந்த விண்டோவை ஒரு போட்டோ மாதிரி இழுத்துப் பெரிதாக்குகிறது விண்டோஸ். மங்கல் இப்படித்தான் வருகிறது. 'நானே பார்த்துக்கிறேன்' என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டு, ஐகானை மாற்றாத சாஃப்ட்வேரில் அது குட்டியாகவே நிற்கும். தமிழுக்குச் சிக்கல் கூடுதல்: 'க'வா, 'க்'கா என்பதை அந்த ஒரு புள்ளிதானே சொல்கிறது!

தீர்வு யார் கையில்?

மாமல்லபுரம் சிற்பிகள் முக நீளத்தை ஒரு தாளமாக வைத்து, மற்ற உறுப்புகளைப் பங்கு பிரிப்பார்கள். சிலை ஒரு அடியோ, பத்து அடியோ, விகிதம் மாறாது. சாஃப்ட்வேருக்கும் இதே வழிதான்: அளவை விகிதமாக எழுதணும், ஐகானை எஸ்.வி.ஜி. வடிவிலோ, பல அளவுகளிலோ தரணும்.

ஆப்பிள் ரெட்டினா லேப்டாப் வந்தது 2012-ல். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி அளவு என்ற வசதி 2013-ல் விண்டோஸ் 8.1-லேயே வந்துவிட்டது. ஆக, தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. பழைய சாஃப்ட்வேரின் ஒவ்வொரு பக்கத்தையும் திருத்த ஆகும் செலவுதான் தடை. அந்தச் செலவைத் தள்ளிப்போட்டால், விலையைக் கொடுப்பது ஊழியரின் கண்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

சாஃப்ட்வேர் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ்' போங்க. ஓவர்ரைடு பகுதியில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' தேர்வு செய்தால், பல சாஃப்ட்வேர்களில் எழுத்து தெளியும். படங்கள் அப்படியேதான் இருக்கும்.

மானிட்டர் வாங்கும் முன், தினமும் பயன்படுத்தும் சாஃப்ட்வேரை அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்க. அது திருந்தப்போவதில்லை என்றால், 24 இன்ச் ஃபுல் ஹெச்.டி.யே போதும்.